அரைக் கிளச்

நாலாம் கியரில்தான் பிடிபட்டது.
சம்மாந்துறை தாண்டி வயல் நடுவே நேர் றோட்டு.
டேர்போ மூச்சிழுத்த நேரம்
ஆர்பிஎம் முள் துள்ளி ஏழாயிரத்துக்குப் போனது,
வேகமுள் இருந்த இடத்திலேயே இருந்தது.
மறுகா அந்த மணம்,
கரிந்த சிரட்டையும் பழைய செருப்பும் கலந்த மாதிரி.

கொழும்பில் டைனோவில் ஏற்றி
முன்னூற்றி எண்பது குதிரை என்று தாள் தந்திருந்தார்கள்.
தாளில் எல்லாக் குதிரையும் நின்றன.
சில்லுக்குப் போய்ச் சேர்ந்தவை எத்தனை என்று
ஒருத்தரும் எழுதவில்லை.

சாய்ந்தமருதில் நுஸ்கியின் கராஜ்.
கியர்பெட்டியை இறக்கி
பழைய தட்டை என் கையில் வைத்தான்.
முகம் பார்க்கலாம் போலிருந்தது.
"மினுங்கினா செத்துட்டெண்டு அர்த்தம்."
பிளைவீலில் நீலப் புள்ளிகள், மயிரளவு வெடிப்புகள்.
பக்கத்துக் கடைசல்காரன் எட்டிப் பார்த்தான்,
"இதையே சீவி மூணு கிலோ குறைச்சுத் தாறன், காசு மிச்சம்."
நுஸ்கி சிரிக்கவில்லை.
"வார்ப்பிரும்பு. எட்டாயிரம் சுற்றில பிளந்தா
முதல்ல தேடி வாறது உங்கட கணுக்காலை."
கடைசல்காரன் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

ஆறு துண்டுச் செராமிக் தட்டுத்தான் என் கனவு.
பிடித்தால் விடாது.
யாரோ திருத்தக் கொடுத்த சிவிக்கில் அதே தட்டு இருந்தது,
ஓட்டிப் பாருங்க என்றான்.
எனக்கு முந்திச் சில்மியா ஏறிவிட்டாள்.
நிந்தவூரில் கணக்குப் படிப்பிக்கிறவள்,
கிழமையில் ஐந்து நாள் லான்சர் அவளுடையது.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ கலைகிற நேரம்.
சைக்கிள், ஓட்டோ, வெள்ளைச் சாரன்கள்,
நடு றோட்டில் யோசித்துக்கொண்டு ஒரு மாடு.
முதல் தரம் எஞ்சின் நின்றது.
இரண்டாம் தரம் பாய்ந்து
மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.
மாடு அசையவில்லை.
நாலாம் தரம் ஐஸ்கிறீம்காரன் தள்ளிவிட்டான்.

திரும்பி வந்து சாவியை நுஸ்கியிடம் நீட்டினாள்.
"இதுக்கு ஓம், இல்லை ரெண்டுதான் தெரிஞ்சிருக்கு.
எனக்குப் பாப்பம் எண்டதும் வேணும்."

நுஸ்கி கொஞ்சநேரம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.
பிறகு அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான்.
இரட்டைத் தட்டு, இரண்டும் முழுவட்டம்.
நாலு முகம் பாரத்தைப் பகிர்வதால்
ஸ்பிரிங் முரடாக இருக்கத் தேவையில்லை,
மிதி இலேசு, கிராங்கின் தோளும் தேயாது.
விலையைத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்தான்.
நான் நிமிர்த்திப் பார்த்து
மறுபடி கவிழ்த்தேன்.

அதற்குப் பிளைவீல் இரண்டு பாரத்தில் கிடந்தன.
அலியாரின் அரிசிக்கடைத் தராசில் நிறுத்தோம்.
நாலு கிலோ இருநூறு. ஆறு கிலோ எண்ணூறு.
கீரிச்சம்பா வாங்க வந்த பெண்
விலை கேட்டுவிட்டு அரிசியை மறந்து போனாள்.
சின்னது சட்டென எழும்பும், சட்டென விழும்,
தூக்கும்போதே கை அதன் பக்கம் சாய்ந்தது.
பெரியது சுற்றைச் சேமித்து வைத்திருக்கும்,
கால் தடுமாறுகிற இடத்தில் கொஞ்சம் கடன் தரும்.
சில்மியா ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு அந்த மாட்டின் கண் ஞாபகம் வந்தது.
பெரியதைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

எண்ணூறு கிலோமீற்றருக்கு அடிக்கக் கூடாது,
தட்டுகள் பழக வேணும் என்றிருக்கிறான்.
இன்றைக்கு அறுநூற்றிப் பன்னிரண்டு.
காரைதீவுச் சந்தி திரும்பி அம்பாறைப் பக்கம்,
பாதி றோட்டில் நெல் காய்கிறது.
முன்னால் உழவு மெசின், பெட்டி நிறைய வைக்கோல்,
மனுசன் நடக்கிற வேகம்.
இடது கால் பாதியில் நிற்கிறது.
அதட்டாமல், உதறாமல்
லான்சர் மெல்ல மெல்லப் பின்னால் போகிறது.
ஒரு வைக்கோல் துரும்பு பறந்து வந்து
கண்ணாடியில் ஒட்டுகிறது.

இன்னும் நூற்றி எண்பத்தெட்டு.